கைதி எண் 59623

அன்புள்ள முருகேசு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து எழுத்து பளிச்சென்று தெரிகிறது. விட்டுப்போனதையெல்லாம் சேர்த்துப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

துப்பறியும் கதை எழுதுகிறவனுக்கு வாழ்க்கையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டிருந்தாய். அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர் செஸ்டர் ஹைம்ஸ் கதையைக் கேள்.

1909இல் மிசௌரியில் பிறந்த கறுப்பினத்தவர். பள்ளியில் இவரும் அண்ணனும் வெடிமருந்து செய்துகாட்டுவதாக ஏற்பாடு. ஏதோ தப்புக்குத் தண்டனையாக, இவர் மட்டும் கலந்துகொள்ளக் கூடாதென்று அம்மா சொல்லிவிட்டார். அண்ணன் தனியாகக் கலக்கினார், முகத்திலேயே வெடித்தது. தூக்கிக்கொண்டு ஓடினால், வெள்ளையர் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார்கள். பார்வை போயிற்று. (அந்த அண்ணன் பின்னாளில் சமூகவியல் பேராசிரியரானார்.)

ஹைம்ஸ் தடம் மாறினார். 19 வயதில் துப்பாக்கி முனையில் கொள்ளை. குறைந்தது 20 ஆண்டு சிறை என்று தீர்ப்பு. 1930இல் அந்த ஓஹையோ சிறை தீப்பிடித்து 322 கைதிகள் செத்தார்கள். அதையும் கதையாக எழுதினார். 1934இல் ‘எஸ்கொயர்’ பத்திரிகை அவர் கதைகளைப் போட்டது. ஒன்றில் ஆசிரியர் பெயருக்குப் பதில் 59623 என்ற கைதி எண் மட்டும்தான். 1936இல் பரோலில் வந்தார்.

அதன்பின் எழுதிய நாவல்கள் சோறு போடவில்லை. 1953இல் ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிட்டார். பாரிஸில் காசுக்குத் திண்டாடியபோது, அவருடைய முதல் நாவலைப் பிரெஞ்சில் பெயர்த்தவர்களில் ஒருவரான மார்செல் துயமேல், துப்பறியும் நாவல் எழுதச் சொன்னார். யார் என்ன நினைத்தார்கள் என்பதெல்லாம் வேண்டாம், என்ன செய்தார்கள் என்று மட்டும் எழுது என்பது அவர் யோசனை. அப்படிப் பிறந்தவர்கள்தான் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிப் போலீஸ்காரர்கள் கிரேவ் டிக்கர் ஜோன்ஸும் காஃபின் எட் ஜான்சனும்.

முதல் கதையே பண மோசடி. பத்து டாலர் நோட்டை நூறாக்கித் தருகிறோம் என்று ஓர் அப்பாவியை ஏமாற்றுகிறார்கள். நோட்டுகளை அடுப்புக்குள் வைத்ததும் வெடிக்கிறது. சிரித்துக்கொண்டேதான் படித்தேன், சட்டென்று அந்த அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. வலிந்து முடிச்சுப் போடுகிறேன் என்பாய், இருக்கட்டும். 1958இல் அந்த நாவலுக்குப் பிரான்சில் துப்பறியும் இலக்கியத்துக்கான பெரிய பரிசு கிடைத்தது. 1984இல் ஸ்பெயினில் காலமானார்.

கொலை முடிச்சு அவிழும் இடங்களில் ஓட்டை உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தத் தெருவும் சிரிப்பும் கோபமும் வேறு யாரிடமும் கிடைக்காது. அந்த முதல் துப்பறியும் நாவலிலிருந்து ஆரம்பி, படித்துவிட்டுச் சண்டைக்கு வா.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராஜாமணி