கை கட்டி உக்கார வச்சு பாட்டு சொல்லித் தராதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் எல்கேஜி, யுகேஜி பிள்ளைங்களுக்கு மிஸ்ஸா இருக்கேன். நிறைய ஸ்கூல்ல இப்ப ரைம்ஸ் பீரியட்னா டிவிய போட்டு விட்டுடறாங்க, இல்லன்னா வரிசையா கை கட்டி உக்கார வச்சு மிஸ் ஒரு வரி சொல்ல பிள்ளைங்க திருப்பி சொல்லன்னு மனப்பாடம் பண்ண வைக்கிறாங்க, மூணு நாலு வயசு பிள்ளைக்கு பாட்டு ஒடம்பு வழியாத்தான் உள்ள போகும்ங்கறது நமக்கு தெரியாத விஷயமே இல்லையே.

சாமியையோ பெரியவங்களையோ குழந்தையா நெனச்சு புலவருங்க பாடுன நம்ம பிள்ளைத்தமிழ எடுத்துக்கங்க. அதுல குழந்தை வளர வளர பருவம் பருவமா பிரிச்சிருக்கறதுல பாதிக்கு மேல பிள்ளையோட அசைவ வச்சுத்தான். செங்கீரைன்னா ஒரு கால மடக்கி ஒரு கால நீட்டி ரெண்டு கையையும் தரையில ஊணி தலைய தூக்கி ஆடுறது, சப்பாணின்னா கை தட்டுறது, வாரானைன்னா தளர்நடை போட்டு வர்றது, அப்புறம் சிறுபறை கொட்டுறது, சிறுதேர் உருட்டுறது. புலவருங்க மட்டுமா, வீட்டுல பாட்டிங்க சாய்ந்தாடம்மா, கைவீசம்மா எல்லாம் பிள்ளைய மடியில வச்சு ஆட்டிக்கிட்டேதானே பாடுவாங்க.

கவிமணி எழுதுன தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு பாட்ட நாங்க கிளாஸ்ல எப்படி பண்றோம்னு சொல்றேன். பெஞ்ச ஓரமா தள்ளிட்டு பாதி பேரு பசு, பாதி பேரு கன்னுக்குட்டி. அந்தப் பாட்டுல ஒரு அடி பசுவுக்கு, அடுத்த அடி கன்னுக்கு, அதனால பசுவுக்கு மெதுவா தட்டுவேன், கன்னு வந்ததும் வேகமா தட்டுவேன், எந்த ஆக்‌ஷனும் சொல்லித் தர மாட்டேன், அதுங்களே மேயும் துள்ளும் ஓடும். முட்டிக் குடிக்குதுன்னு வந்தப்ப ஒரு பையன் ஏன் மிஸ் முட்டணும்னு கேட்டான், பாக்கெட் பால் மட்டுமே பாத்த பிள்ளை. முட்டுனா பால் நல்லா சுரக்கும்டான்னு சொன்னதும் பக்கத்துல பசுவா நின்ன பிள்ளைய தலையால மெல்ல முட்டி பாத்தான். கிளாஸ்ல வாயே தொறக்காத ஒரு பொண்ணு கன்னுக்குட்டியா ஓடும்போது மட்டும் அந்த அடிய முழுசா பாடுறா. எழுதப் படிக்க இன்னும் தெரியாது, ஆனா எந்த எடத்துல தாளம் மாறுதுன்னு அவளுக்கு நல்லா தெரியும்.

ஆண்டு விழாவுக்கு ஒரு மாசம் டிரில் மாதிரி ஆட வைக்கிறோமே, அத நான் இதுல சேர்க்க மாட்டேன். கை இப்படி, கால் அப்படின்னு மிரட்டி வாங்குற ஆக்‌ஷன்ல பாட்டும் இல்ல பிள்ளையும் இல்ல. தகதிமின்னு நாலு தட்டுக்கு நடக்க விட்டுட்டு திடீர்னு தகிடன்னு மூணுக்கு மாத்துங்க, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா ஆடும், அதுதான் எனக்கு வேணும்.

பெத்தவங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள், சாயங்காலம் ஸ்கூல் கேட்டுல நின்னு இன்னிக்கு என்ன எழுதுனன்னு மட்டுமே கேக்காதீங்க, என்ன பாடுனன்னும் கேளுங்க. நோட்டு காலியா இருக்குன்னு கம்ப்ளைன்ட் வருதுன்னு பயந்தே நிறைய மிஸ்ஸுங்க ஆட்டத்த நிறுத்திடறாங்க.

அங்கன்வாடிக்கு அரசு போட்ட பாடத்திட்டத்துக்கு பேரே ஆடிப்பாடி விளையாடு பாப்பா, 2022ல ஒண்ணுல இருந்து மூணாவது வரைக்கும் கொண்டு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துலயும் பாட்டு, செயல்பாடெல்லாம் இருக்கு. ஆனா ஆட கூச்சப்படுற டீச்சர் பிள்ளைய எப்படி ஆட விடுவாங்க? அதனால டிரெய்னிங் நடக்கும்போது அந்தந்த மாவட்டத்துல கும்மி, கோலாட்டம், ஒயிலாட்டம், பறையாட்டம் ஆடுறவங்கள சம்பளம் குடுத்து கூப்பிட்டு டீச்சருங்கள ஆட வைங்க, நர்சரி ஸ்கூல் மிஸ்ஸுங்களயும் சேத்துக்கங்க. உங்க சிறுவர் பக்கத்துலயும் வாரம் ஒரு பாட்ட, எங்க தட்டணும்னு குறி போட்டு வெளியிட்டீங்கன்னா வெட்டி எடுத்து கிளாஸ்ல ஒட்டிக்குவோம் ஐயா.

இப்படிக்கு,
ஒரு எல்கேஜி டீச்சர்,
திண்டுக்கல் மாவட்டம்.