அந்தப் பெட்டிகளை எடைக்குப் போட வேண்டாம், அப்பா

எடின்பரோ,
நவம்பர் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமா? அம்மாவை முட்டி வலி மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். இங்கே குளிர் இறங்கிவிட்டது. சாயங்காலம் 4.30 மணிக்கே பொழுது அடைந்துவிடுகிறது.

நீங்கள் சோழவந்தான் போட்டோ ஸ்டூடியோவைக் காலி செய்யப்போவதாகத் தம்பி சொன்னான். பழைய நெகட்டிவ் பெட்டிகளை எல்லாம் வெள்ளி பிரித்தெடுக்கிற வியாபாரிக்கு எடைக்குப் போடப்போகிறீர்களாமே. போனில் சொன்னால் பேச்சோடு பேச்சாகப் போய்விடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா, தயவுசெய்து அதைப் போட்டுவிடாதீர்கள்.

உங்களிடம் ஒன்றை இன்னும் சொல்லவில்லை. செப்டம்பர் கடைசியிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் சாயங்காலம் போட்டோகிராபி வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அதற்காக ஆஸ்பத்திரியில் அன்றைக்கு மட்டும் பகல் ஷிப்ட் மாற்றி வாங்கியிருக்கிறேன். மொத்தம் 10 வாரம். ஆட்களையும் அவர்கள் புழங்குகிற இடத்தையும் எடுப்பது மட்டும்தான் பாடம்.

முதல் நாள் ஆசிரியை மேசைமேல் எடுத்து வைத்தது நம் யாஷிகா மாதிரியே ஒரு இரட்டை லென்ஸ் கேமரா. ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தோம். அதில் இடம் வலமாகத் தெரியும் இல்லையா, எல்லோரும் கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்று தடுமாறினார்கள். என் கை தானாகச் சரியான பக்கம் திரும்பியது. ஏழு வயதில் ஸ்டூல் போட்டு ஏறி, உங்கள் கைக்குள் நின்றுகொண்டு பார்த்த பழக்கம். இந்தக் கேமராவில் படம் எடுப்பவர் தலை குனிந்துதான் எடுக்க வேண்டும், அதனாலேயே எதிரில் இருப்பவருக்குப் பயம் விட்டுப்போகும் என்றார் ஆசிரியை. எனக்கு உங்கள் உச்சந்தலை ஞாபகம் வந்தது.

வகுப்பில் இன்னொன்றும் சொன்னார்கள். இந்த ஊரிலேயே 1843-ல் டேவிட் ஆக்டேவியஸ் ஹில் என்ற ஓவியரும் ராபர்ட் ஆடம்சன் என்ற இளைஞரும் சேர்ந்து கால்டன் குன்றில் ஸ்டூடியோ வைத்திருந்தார்கள். பக்கத்தில் நியூஹேவன் என்ற மீனவர் ஊர். அங்கே கூடை சுமந்து மீன் விற்ற பெண்களை, கோடு போட்ட பாவாடையும் கூடையுமாக அப்படியே எடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் படம், வெயிலில் அசையாமல் உட்கார வேண்டும். ஆனாலும் அந்த முகங்களில் விறைப்பே இல்லை. ஆடம்சன் 1848-ல் இறந்தபோது வயது 26தான். அதற்குள் இருவருமாக 3,000 படம் போல எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் திரையில் திடீரென்று நம் திருமலை நாயக்கர் மகால் வந்தது! மகால் தூண்கள், தெப்பக்குளம், கோயில் என்று வரிசையாக. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன் சென்னை மாகாண அரசாங்கத்துக்காக 1858-ல் மதுரைக்கு வந்து எடுத்தவை. தூணின் சுதை வேலை எல்லாம் எண்ணிவிடலாம் போல அத்தனை துல்லியம். ஆனால் ஆள் நடமாட்டமே காணோம். நம் மதுரை அப்படி என்றைக்காவது வெறிச்சோடிக் கிடந்திருக்குமா? இன்னொன்று உங்களுக்குப் பிடிக்கும். அந்த மனிதர் தன் நெகட்டிவ்களில் வானம் வெளுத்துப்போன இடத்தில் கையாலேயே மேகம் வரைந்து சேர்த்திருக்கிறார். டேபிள் விளக்கடியில் பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு, நெகட்டிவ் மேல் அம்மைத் தழும்பை அழித்து நீங்கள் டச்சிங் செய்வீர்களே, அதே வேலை. வகுப்பில் எழுந்து, எங்கள் அப்பா இதைச் செய்வார் என்று சொன்னேன்.

அப்புறம் ஆளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஒருவரை அவர் வேலை செய்யும் இடத்தில், அனுமதி கேட்டு, எடுத்து வர வேண்டும். நான் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழே போலந்துக்கார அம்மா ஒருவர் துணி ஆல்டர் செய்கிற கடை வைத்திருக்கிறார். ஜன்னலை ஒட்டித் தையல் மிஷின். வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் விழுகிறது, மறுபக்கம் கருப்பாக இறங்குகிறது. நீங்கள் தெர்மாகோல் அட்டை பிடிப்பது போல, வெள்ளைத் தலையணை உறையை நாற்காலி முதுகில் போட்டு நிழலைக் கொஞ்சம் தூக்கினேன். முதலில் கிட்டப் போய் எடுத்ததில் மூக்கு பெரிதாகிவிட்டது. ஆறடி தள்ளி நின்று 85 எம்.எம். லென்ஸில் எடுத்தபோது முகம் முகமாக வந்தது.

அவர் உதட்டில் இரண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டு தைத்துக்கொண்டிருக்கும்வரை நன்றாக இருந்தது. நிமிர்ந்து பாருங்கள் என்றதும் ஊசியை எடுத்துவிட்டு, தோளைத் தூக்கி, ரேஷன் கார்டுக்கு உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டார். எத்தனை எடுத்தாலும் அதே முகம். என்ன செய்வது என்று நின்றபோதுதான் உங்கள் குரல் காதில் கேட்டது. “அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு, எந்திரிங்க.” நானும் முடிந்தது, நன்றி என்று சொல்லிக் கேமராவைக் கொஞ்சம் இறக்கினேன். அவர் மூச்சு விட்டார், தோள் தளர்ந்தது, ஜன்னல் பக்கம் திரும்பினார். அப்போது அழுத்தினேன். சோழவந்தானில் உங்களிடம் படித்த வித்தை இங்கே பலித்தது, அப்பா. அந்தப் படத்தைத்தான் ஆசிரியை சுவரில் மாட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உங்கள் பெட்டிகளையே நினைத்துக்கொண்டு வந்தேன். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடம் கட்டி, தண்ணீர் பீய்ச்சும் தோல்பையோடு வந்து நின்றவர்கள். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ரேஷன் கார்டு படத்துக்கு உட்கார்ந்த ஆட்கள். அவர்களில் பலருக்கு அந்த ஒரு படம்தான். செத்தபிறகு அதைத்தானே பெரிதாக்கி மாலை போட்டிருக்கிறார்கள். அதற்காகவும் நம்மிடம்தான் வந்தார்கள். ஒரு ஊரின் முகம் முழுக்க அந்தப் பெட்டிகளில் இருக்கிறது. கிலோ கணக்கில் அதற்கு விலை வைக்க என்னால் முடியவில்லை.

எனவே இப்படிச் செய்யுங்கள். பெட்டிகளை மாடி அறையில், சுவரை ஒட்டாமல் பலகை மேல் வைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், காகித உறை போதும். புளித்த வாடை அடிக்கிற ஃபிலிம் இருந்தால் தனியே எடுத்துவிடுங்கள், மற்றதையும் அது கெடுத்துவிடும். பில் புத்தகங்களையும் பத்திரப்படுத்துங்கள். நம்பரை வைத்து யார் படம் என்று கண்டுபிடிக்க வேறு வழி இல்லை. பொங்கலுக்கு வரும்போது ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்கிறேன்.

ஸ்டூடியோவில் ஆட்களுக்குப் பின்னால் தொங்கவிடுகிற, தோட்டம் வரைந்த திரையைத் தம்பி வைத்துக்கொள்ளட்டும். எனக்கு வேறொரு ஆசை. அகத்தி மரத்தில் வெற்றிலைக் கொடி ஏறி நிற்கிற கொடிக்காலுக்குள்ளேயே போய், அங்கே வேலை செய்கிறவர்களை நீங்களும் நானும் எடுக்க வேண்டும். யாஷிகாவில் போடுகிற 120 ஃபிலிம் ரோல் இங்கே இன்னும் விற்கிறார்கள், இல்ஃபோர்ட் எச்.பி.5 கருப்பு வெள்ளை ஃபிலிம் ஐந்து ரோல் வாங்கி வருகிறேன். ரோலுக்கு 12 படம், உங்களுக்குத் தெரியாததா. யாஷிகா லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்