கடற்பயண நாட்குறிப்பும் கரையேறிய பின் எழுதிய நினைவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பழைய நெடுங்கடல் பயணங்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். கப்பலில் அன்றன்று எழுதிய நாட்குறிப்பையும், கரையேறிய பின் எழுதிய நினைவு நூலையும் வேறுபடுத்தாமல் மேற்கோள் காட்டியிருந்தது மட்டும் என் மனத்தை உறுத்தியது.

ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் முதல் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். 1768 முதல் 1771 வரை நடந்த அந்தப் பயணத்தின் கதையை 1773இல் வெளியிட்டவர் ஜான் ஹாக்ஸ்வொர்த் என்னும் எழுத்தாளர். அவர் அந்தக் கப்பலில் கால் வைத்தவர் அல்லர். குக்கின் குறிப்புகளையும் உடன் சென்ற ஜோசப் பேங்க்ஸின் குறிப்புகளையும் கலந்து, தம் சொந்தக் கருத்துகளையும் இடையிடையே சேர்த்து, எல்லாவற்றையும் குக்கே ‘நான்’ என்று சொல்வதுபோல் அவர் எழுதிவிட்டார். இரண்டாம் பயணத்திலிருந்து 1775இல் திரும்பும் வழியில்தான் குக் அந்நூலைப் பார்த்தார். தாம் சொல்லாதவை தம் பெயரில் அச்சேறியிருப்பது கண்டு வருந்தினார். அவர் கைப்பட எழுதிய குறிப்பேடு அச்சில் வந்தது 1893இல். ஏறத்தாழ 120 ஆண்டுகள் வாசகர்கள் குக்கின் குரல் என்று நம்பியது இன்னொருவரின் குரலை.

எழுதியவர் ஒருவரேயாயினும் இந்த வேறுபாடு மறைந்துவிடுவதில்லை. 1789இல் பவுண்டி என்னும் பிரிட்டிஷ் கப்பலின் கலகக்காரர்கள் அதன் தலைவர் வில்லியம் பிளையையும் வேறு பதினெட்டுப் பேரையும் 23 அடி நீளமுள்ள திறந்த படகில் இறக்கிவிட்டார்கள். சுமார் 3,600 கடல் மைல் கடந்து அவர்கள் திமோர் தீவை அடைந்தனர். ஒரு வேளை ரொட்டி என்பது ஒரு பவுண்டு எடையில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைத் தராசாக்கி, துப்பாக்கிக் குண்டு ஒன்றைப் படிக்கல்லாக வைத்து அதை நிறுத்துக் கொடுத்தார்கள். அந்தப் படகில், நனைந்த கைகளோடு பிளை குறிப்பெழுதிய சிறு ஏடு இன்றும் ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தில் இருக்கிறது. மறு ஆண்டு அவர் வெளியிட்ட நூலிலோ, கப்பலைப் பறிகொடுத்த தலைவர் தம் தரப்பை நாட்டாருக்கு எடுத்துரைக்கும் தேவையும் சேர்ந்துகொண்டது. நூல் பொய் என்று நான் சொல்லவில்லை. ஏட்டை எழுதியபோது, தாம் உயிரோடு கரைசேர்வோமா என்பதே அவருக்குத் தெரியாது என்பதை மறக்கக் கூடாது என்கிறேன்.

கட்டுரையாளர் ‘சலிப்பூட்டும் வானிலை வரிகள்’ என்று ஒதுக்கியவற்றுக்காகவும் பரிந்து பேச வேண்டியிருக்கிறது. காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம், எந்தப் பாயைச் சுருக்கினோம் என்று நாள் தவறாமல் எழுதிய வரிகள் அவை. 1750க்கும் 1850க்கும் இடைப்பட்ட பிரிட்டிஷ், டச்சு, பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களின் பதிவேடுகளிலிருந்து இத்தகைய வரிகளைத் திரட்டி, மாலுமிகள் காற்றுக்கு வைத்திருந்த சொற்களை இன்றைய அளவைகளாக மாற்றி, அக்காலக் கடல்களின் வானிலையை ஆய்வாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள்.

மெகல்லனின் கப்பலில் சென்ற அந்தோனியோ பிகாஃபெத்தாவை எண்ணிப் பாருங்கள். 1522 ஜூலையில் கேப் வெர்தே தீவுகளை நெருங்கியபோது அவர் கணக்கில் புதன்கிழமை. கரையில் இருந்தவர்களோ வியாழன் என்றார்கள். ஒரு நாளும் விடாமல் எழுதிவந்ததால் பிழை தம்முடையது அன்று என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மேற்கு நோக்கியே சென்று உலகைச் சுற்றினால் ஒரு நாள் குறையும் என்பது பின்னர் புரிந்தது. அன்றாடம் எழுதும் பழக்கம் இல்லாதிருந்தால் அந்த ஒரு நாளை மறதியின் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

நினைவு நூல்களைத் தாழ்த்துவது என் நோக்கம் அன்று. அடிமைகளாக விலங்கிடப்பட்டுக் கப்பலின் அடித்தட்டில் கிடந்தவர்களிடம் தாளும் மையும் இல்லை. பதிவேடுகளில் அவர்கள் பெரும்பாலும் வெறும் எண்கள். அவர்கள் பட்ட பாட்டை அவர்கள் வாய்மொழியாக நாம் அறிவது, விடுதலை பெற்ற சிலர் பின்னாளில் எழுதிய நினைவுகளால்தான்.

எனவே, இத்தகைய பகுதிகளை இனி வெளியிடும்போது, எப்போது எழுதப்பட்டது, யார் கைபட்டுத் திருத்தப்பட்டது என்பதை ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரியில் குறிப்பிட வேண்டுகிறேன். இடம் போதவில்லை என்று காற்றையும் அலையையும் பற்றிய வரிகளைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர் ஒருவர்