பெட்டைக்கு ‘ஸ்பிளிட்’ என்று விலை போடுபவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் லவ் பேர்ட்ஸ் என்று நாங்கள் சொல்லும் பட்ஜரிகர் குருவிகளை வளர்த்து விற்கும் அண்ணன்மாருக்கும், அவர்களுடைய சங்கத்தை நடத்தும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நடந்தது என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியும். அதனால் கடையின் பெயரையோ விற்றவரின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. பச்சைப் பெட்டை ஒன்றை ‘லூட்டினோ ஸ்பிளிட்’, அதாவது வெளியே பச்சை, உள்ளே லூட்டினோ என்ற சிவப்புக் கண் மஞ்சளை ஒளித்து வைத்திருப்பது என்று சொல்லி, சாதாரணப் பச்சையை விடப் பல மடங்கு விலைக்கு ஒரு பள்ளிக்கூடப் பெடியனின் தலையில் கட்டிவிட்டார்கள். பெடியன் என் தங்கச்சியின் மகன். கொடுத்த காசு, வருடப்பிறப்புக்குக் கிடைத்த கைவிசேடம்.

பட்ஜரிகரில் வழக்கமாகக் காணும் லூட்டினோவில் பெட்டை ஸ்பிளிட் என்று ஒன்று கிடையாது. அந்த மஞ்சளுக்குரிய பரம்பரையலகு (ஜீன்) பின்னிடைவானது, அதாவது பச்சைக்குரியது கூட இருந்தால் மறைந்துவிடும்; அது இசட் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிறது. பறவைகளில் சேவலுக்கு இசட் இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். சேவல் ஒன்றில் மஞ்சளை வைத்துக்கொண்டு மற்றதால் பச்சையாகத் தெரியலாம். பெட்டைக்கு மறைத்து வைக்க இடமே கிடையாது. இருந்தால் மஞ்சள், இல்லாவிட்டால் பச்சை, அவ்வளவுதான். பல வருடமாகக் குருவி விற்பவர்களுக்கு இது தெரியாதா?

குஞ்சு பொரித்த நாள்களில் பெடியன் என்னையும் கூப்பிட்டான். முட்டிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தோம். கண் திறக்க முன்னரே லூட்டினோக் குஞ்சின் இமைத் தோலுக்குக் கீழே சிவப்புத் தெரியும், பச்சைக் குஞ்சுக்குக் கருமை தெரியும். “மாமா, இதுக்கும் கறுப்போ?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் கறுப்புத்தான். கடைக்குப் போனால், “தம்பி, அடுத்த அடையில கட்டாயம் மஞ்சள் வரும்” என்று பதில். அவனும் நம்பி, ஓய்வு கொடுக்காமல் திரும்பத் திரும்ப முட்டைக்கு விட்டான். கடைசியில் முட்டை வெளியே வராமல் அடைத்து, அந்தப் பெட்டை கூட்டின் தரையில் செட்டை ஊதிக் கிடந்து செத்தது. அடிக்கடி முட்டையிடும் பறவைக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறையும், கணவாய் ஓடாவது வையுங்கள் என்று விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நம்முடைய கடற்கரையில் அது சும்மாவே கிடைக்கிற சாமான்.

கேட்பது ஒன்றுதான். ஸ்பிளிட் என்று விற்கும் ஒவ்வொரு பறவையோடும், தாய் தகப்பனின் நிறத்தையும் கால்வளைய இலக்கத்தையும் எழுதிய ஒரு துண்டு கொடுங்கள்.

துண்டு ஏன் என்று கேட்பீர்கள். நீலத்தை எடுத்துக்கொள்வோம். அதுவும் பின்னிடைவானதுதான், ஆனால் சேவல் பெட்டை என்ற வேறுபாடு அதற்கு இல்லை. தாயோ தகப்பனோ நீலமாக இருந்தால் பச்சையாகப் பிறக்கும் பிள்ளை கட்டாயம் ஸ்பிளிட். சரி, ஸ்பிளிட்டும் ஸ்பிளிட்டும் சேர்ந்தால்? நாலில் ஒன்று நீலம், மிச்சம் பச்சை. அந்தப் பச்சைகளில் மூன்றுக்கு இரண்டு ஸ்பிளிட், ஒன்று வெறும் பச்சை. இறகைப் பார்த்து எது எதென்று கடவுளாலும் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடைகளில் எல்லாமே ‘ஸ்பிளிட்’ விலைக்குத்தான் போகின்றன. தாய் தகப்பன் இரண்டும் ஸ்பிளிட் என்று துண்டில் எழுதியிருந்தால், வாங்குபவன் தானே கணக்குப் போட்டுக்கொள்வான்.

‘நாலு முட்டைக்கு ஒரு நீலம் நிச்சயம்’ என்ற வசனத்தையும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒவ்வொரு முட்டைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு, முதல் முட்டையில் என்ன வந்தது என்று அடுத்த முட்டைக்குத் தெரியாது. நாலும் பச்சையாகவே வருவதற்கு 100க்கு 32 அளவில் வாய்ப்பு இருக்கிறது. மெண்டல் பட்டாணியை வைத்து 1866இல் எழுதி வெளியிட்ட கணக்கு இது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கட்டம் போட்டுப் படித்துவிட்டு, பின்னேரம் கடைக்கு வந்து ஏமாறுகிறார்கள்.

இன்னொன்று. நிறம் கெதியாக வரட்டும் என்று கூடப்பிறந்ததுகளையே சோடி சேர்க்கிறீர்கள். ஒளிந்திருக்கும் நிறம் வெளியே வரும் அதே வழியாகத்தான் ஒளிந்திருக்கும் குறையும் வரும். குருவியை மட்டும் சொல்லி என்ன? பத்துப் பொருத்தமும் பார்த்து, செவ்வாய் தோஷத்துக்குச் சாத்திரியாரிடம் நாலு தரம் அலைகிற நாங்கள், கலியாணத்துக்கு முதல் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கு ஒரு இரத்தப் பரிசோதனை செய்வோமா? இரண்டு பேரும் காவிகள், அதாவது நோய் தெரியாமல் அதன் அலகைச் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர அதே நாலில் ஒரு வாய்ப்புத்தான். சொந்தத்துக்குள் முடித்தால் ஒரே குறையை இருவரும் சுமக்கும் வாய்ப்புக் கூடும். அதைச் சொன்னால் ‘வாயை வைக்காதை’ என்பார்கள். சரி, அது உங்கள் பொறுப்பு இல்லை.

உங்கள் பொறுப்பு அந்தத் துண்டு. அச்சடிக்கத் தேவையில்லை, பழைய கொப்பித் தாளில் பேனையால் எழுதினாலும் போதும். பெற்றோர் யாரென்று தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்று எழுதிப் பச்சை விலைக்கு விற்கலாம், அதில் வெட்கமில்லை. லூட்டினோ ஸ்பிளிட் என்று பெட்டையை விற்பவர் உங்கள் சங்கத்தில் இருக்கிறார் என்றால், ஒன்றில் அவருக்குத் தொழில் தெரியாது, அல்லது நன்றாகவே தெரியும். எது என்று நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

கொஞ்சம் காரமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக் கதைக்கும்படி தாழ்மையாகக் கேட்கிறேன். துண்டுக்கு மாதிரி வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன். பெடியனின் காசைத் திருப்பிக் கொடுக்க விற்றவருக்கு மனமிருந்தால், வீடு அவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
நல்லூரிலிருந்து ஒரு குருவி வளர்ப்பவன்