முட்டி வலிக்கு ஊசி போடும் முன் எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட டாக்டர்களுக்கும், அவர்களுக்குத் தொடர் மருத்துவக் கல்வி வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் டாக்டர் இல்லை. பென்னாகரம் பக்கத்துக்காரன், வீட்டில் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடும் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் உட்காருகிறவன், அவ்வளவுதான். முட்டி வலி, இடுப்புப் பிடிப்பு என்று வருகிறவரிடம் இத்தனை வருஷமாக எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று ஒரு டாக்டர் கேட்டு நான் பார்த்ததில்லை.

நம் போர்வெல் தண்ணீரில் பிளோரைடு என்ற உப்பு இருப்பது ரகசியமில்லை. லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய ஊர்கள் இங்கே நிறைய இருந்ததால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல் தொடங்கியும் வைத்தார்கள். சரி, அதற்கு முன் முப்பது நாற்பது வருஷம் போர் தண்ணீர் குடித்தவர்கள்? அளவுக்கு மீறிய பிளோரைடு எலும்பில் சேர்ந்து மூட்டைப் பிடிக்கும், சேர்ந்தது லேசில் போகாது. குழாயில் தண்ணீர் வராத நாளில் இன்றைக்கும் அதே போர்தான். சின்ன வயதிலிருந்தே இங்கே வளர்ந்தவர் என்றால் பல்லின் பழுப்பே காட்டிக்கொடுத்துவிடும். வெளியூரிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்ணுக்குப் பல் பளிச்சென்று இருக்கும், மூட்டு மட்டும் பிடித்துக்கொள்ளும்.

எல்லா முட்டி வலியும் பிளோரைடு என்று சொல்லவில்லை. ஆனால் வயசாகிவிட்டது என்று ஒரு டைக்லோபெனாக் வலி ஊசி போட்டு ஒரு அட்டை மாத்திரையும் கொடுத்து அனுப்பினால், அது தீர்ந்ததும் அவரே மெடிக்கலில் போய் அட்டையைக் காட்டி மறுபடி வாங்கிக்கொள்வார். ஏற்கெனவே டெல்மிசார்டானும் நீர் பிரியும் மருந்தும் கலந்த பிரஷர் மாத்திரை போடுகிறவருக்கு வலி மாத்திரையும் சேர்ந்தால் கிட்னி என்னவாகும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. கிட்னி தளர்ந்தால் பிளோரைடு வெளியேறுவது குறையும், எலும்பில் இன்னும் சேரும், வலி கூடும், மறுபடியும் ஊசி.

கிட்னிக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் நார்மல் என்றதும் நாங்களும் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறோம். கிட்னியின் வேலை பாதி போகும்வரைகூட அது நார்மலாகவே காட்டலாமாம். அதனால்தான் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று சுகர்காரர்களுக்கு வருஷம் ஒருமுறையாவது பார்க்கச் சொல்லித்தான் வழிகாட்டுதல்களே இருக்கின்றன. எங்கள் சீட்டில் அதை எழுதி நான் கண்டதில்லை. கிட்னியையும் காப்பாற்றும் டபாகிளிபுளோசின் போன்ற சுகர் மருந்துகள், 2020இல் காப்புரிமை முடிந்து விலை இறங்கியும், எங்கள் ஊர்ச் சீட்டுகளில் அபூர்வம்தான்.

ஐந்து வருஷத்துக்கு 30 மணி நேரம் தொடர் கல்வி என்று டாக்டர்களுக்கான 2002 நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. அதில் ஒரு மணி நேரம் இந்த மண்ணின் நோய்க்குப் போகட்டும். மருந்துக் கம்பெனி செலவில் ஹோட்டலில் நடக்கும் வகுப்பில் வலி மாத்திரையைக் குறை என்று யார் சொல்லப்போகிறார்கள்? அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் அந்தப் பெண்களையும் வகுப்பில் உட்கார வையுங்கள், எந்த வீட்டில் என்ன வலி மாத்திரை ஓடுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலிருந்து ஊர்வாரியாக பிளோரைடு அளவை வாங்கி, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் டாக்டர் மேஜைக்கு எதிரே ஒட்டி வையுங்கள்.