சிவப்பு மூடி சிரிஞ்ச்

கடலூர் முதுநகர்
8 பிப்ரவரி 2026

வாசுகி,

பொங்கலன்று நீ அனுப்பிய புடவைப் படத்துக்குக்கூட நான் பதில் போடவில்லை. மூன்று தடவை போன் அடித்தாய், எடுக்கவில்லை. வேலை அதிகம் என்று அம்மா சொன்னது பொய், நான்தான் சொல்லச் சொன்னேன். உன் குரலைக் கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன் என்று பயம்.

வீட்டில் எல்லோரும் நலம். அப்பாவின் முட்டிவலி அப்படியே. தம்பி ஒரு அரியரை முடித்துவிட்டான், இன்னும் இரண்டு பாக்கி. டேனியல் இப்போதும் உன் அட்ரஸ் கேட்கிறான், கொடுக்கவில்லை, பயப்படாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பாண்டி பஸ்ஸில் எனக்குச் சர்க்கரை ரொம்ப இறங்கி, லோ ஆகி, ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கிடந்தேன். திட்டுவதை முழுக்கப் படித்த பிறகு வைத்துக்கொள்.

போன ஏப்ரலில் சம்பளம் கூடியதென்று உனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேனே, எல்லாம் அதிலிருந்துதான். 20,400 ரூபாய் 22,100 ஆனது. 21,000ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. கிடையாது என்பது விதி, நான் இன்சுலின் வாங்கிவந்த அந்தத் தொழிலாளர் காப்பீடு. பழைய சந்தாக் கணக்கில் டிசம்பர் வரை கார்டு ஓடியது, அதனால் நானும் கவலைப்படாமல் இருந்துவிட்டேன். ஜனவரி பிறந்ததும் இன்சுலின் என் கைக்காசு. வெளியில் பார்த்த டாக்டர், பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் பென்னுக்கு மாற்றினார். அதற்குள் போடும் மருந்துக் குழாயான கார்ட்ரிட்ஜும் ஊசியும் சேர்ந்து மாதம் 2,800. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பை எப்போதும் நான்தான் வாங்குகிறேன்: ஒன்று இருபது ரூபாய், நாளைக்கு நாலு, மாதம் 2,400. கூடிய சம்பளம் 1,700. போன செப்டம்பரில் ஸ்ட்ரிப்புக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்கியதே, அதில் பெட்டிக்கு அறுபது ரூபாய் மிச்சம். மூன்று ஸ்ட்ரிப். அதற்கே நான் சந்தோஷப்பட்டேன், வாசு.

டைப் 1 சர்க்கரை நோய்க்கு இன்சுலினை நிறுத்த முடியாது. ஆனால் ஸ்ட்ரிப்பை நிறுத்தினால் உடனே ஒன்றும் ஆகாது. அதனால் கை முதலில் அங்கேதான் போகிறது. நாலை இரண்டாக்கினேன். அப்புறம் காலையில் ஒன்று மட்டும். மாற்ற வேண்டிய ஊசியை ஐந்து நாள் ஓட்டினேன். குத்தின இடம் கன்றிப் போனது. சோறு குறைத்தால் மருந்து குறையும் என்று ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டேன். அம்மா கேட்டால் டயட் என்றேன்.

பொங்கல் முடிந்த வாரம் பென் கீழே விழுந்து பட்டன் சிக்கிக்கொண்டது. புதுசு 700 ரூபாய். அலமாரியில் பழைய சிரிஞ்சுகள் ஒரு கட்டு கிடந்தன, இ.எஸ்.ஐ.யில் பாட்டில் மருந்து வாங்கிய காலத்துச் சிவப்பு மூடி. சம்பளம் வரும் வரை சமாளிப்போம் என்று கார்ட்ரிட்ஜில் குத்தி, பத்து கோடு வரை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

சிவப்பு மூடி, ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும் மருந்துக்கானது. கார்ட்ரிட்ஜில் இருப்பது 100. அந்தப் பத்து கோட்டில் இருந்தது பத்து யூனிட் இல்லை, இருபத்தைந்து யூனிட். பதின்மூன்று வருஷமாக ஊசி போடுகிறேன். எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்குக் காலையில் என் மண்டைக்குள் அந்த 700 ரூபாய் மட்டும்தான் இருந்தது.

நாலு இட்லி சாப்பிட்டு பஸ் ஏறினேன். ரெட்டிச்சாவடி தாண்டும்போது வேர்த்தது. கூட்டத்தில் புழுக்கம் என்று நினைத்தேன். கிருமாம்பாக்கம் வரும்போது போர்டைப் படிக்க முடியவில்லை, கை நடுங்கியது. பக்கத்தில் மீன் கூடையோடு இருந்த ஆயாதான் கண்டுபிடித்தது. "இந்தப் பொண்ணுக்குச் சுகர் போல, எம் மருமவளுக்கும் இப்படித்தான் வரும்" என்று சத்தம் போட்டு பஸ்ஸை நிறுத்த வைத்தது. கண்டக்டர் ஓடிப்போய் பன்னீர் சோடா வாங்கி வந்தார். ஆயா என் தாடையைப் பிடித்துக் குடிக்க வைத்தது. மீட்டரில் 41. ஒரு பாட்டில் குடித்தும் ஏறவில்லை, மருந்து அவ்வளவு உள்ளே போயிருந்தது. அப்புறம் ஆட்டோ, ஆஸ்பத்திரி, குளுக்கோஸ். பில் 6,400. ஆயா பேரைக்கூட நான் கேட்கவில்லை. அரியாங்குப்பம் சந்தையில் இரண்டு ஞாயிறு தேடினேன்.

ஆஸ்பத்திரியில் அம்மா அழவில்லை. பையிலிருந்த ஸ்ட்ரிப் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினாள். முப்பத்தொன்று இருந்தன. பத்துக்குக் கீழே இருக்க வேண்டிய நாள் அது. "இதைச் சேத்து வெச்சு என்னடி பண்ணப் போற?" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது?

இப்போது மஞ்சக்குப்பம் அரசு ஆஸ்பத்திரியில் பதிந்துவிட்டேன். இன்சுலின் இலவசம், மறுபடி பாட்டில்தான். டாக்டர் அளவை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இந்த மருந்தைப் போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் சாப்பிட வேண்டும். ஆபீஸில் எப்போது சாப்பாட்டுக்கு விடுவார்கள் என்று சொல்ல முடியாது, அதுதான் தொல்லை. மாதம் அரை நாள் லீவும் போகும். மிச்சமாகும் காசில் ஸ்ட்ரிப் பழையபடி நாலு. சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும், கையில் ஒட்டும் சென்சார் பதினாலு நாளைக்கு ஒன்று, ஐயாயிரத்தை ஒட்டி வருகிறது. மாதம் இரண்டு என்றால் சம்பளத்தில் பாதி. தூக்கத்தில் லோ ஆனால் கத்தி எழுப்பும். எனக்கு அது வேண்டும், வாசு. ராத்திரி படுக்கப் போகும்போதெல்லாம் வேண்டும் என்று தோன்றுகிறது. இப்போதைக்கு அம்மா இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள்.

ஃபெஞ்சல் புயலில் கரண்ட் போனபோது உன் அம்மா மண்பானை கொடுத்தனுப்பினார்களே, ஈர மணலில் இன்சுலினைப் புதைத்து வைத்தோமே, அந்தப் பானை இன்னும் இருக்கிறது. அன்றைக்கு நீ இடுப்பளவுத் தண்ணீரில் வந்தாய். இந்தத் தடவை உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சில்வர் பீச்சில் செய்த சத்தியத்தை மீறியது நான்தான்.

பணம் அனுப்பாதே. அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "இந்த வாரம் எத்தனை ஸ்ட்ரிப்?" என்று கேள். இருபத்தெட்டு என்று நான் சொல்ல வேண்டும். தயங்கினால் அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்.

மாசி மகத்துக்கு வருவாயா? தேவனாம்பட்டினத்தில் சாமி இறங்குவதைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று.

உன்,
செல்வி