ஆண்டறிக்கை 2024–25: நம்ம ரிங்க்கை சுத்தி நிக்கற தடுப்பு

தலைவர் ஐயாவுக்கும் பொருளாளர் அக்காவுக்கும், கோச்சுங்களுக்கும், ஞாயித்துக்கிழமை வேலைய விட்டுட்டு வந்திருக்கற அப்பா அம்மா எல்லாருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல்ல இருந்து 2025 மார்ச் வரைக்கும் நம்ம ஸ்கேட்டிங், ரோலர் ஹாக்கி சங்கம் என்ன பண்ணுச்சுன்னு செயலாளரா நான் சொல்லணும். வழக்கமா போட்டி, மெடல், சம்மர் கேம்ப்னு வரிசையா படிப்பேன், இந்த தடவ அதெல்லாம் எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டியாச்சு, வரவு செலவ பொருளாளர் அக்கா தனியா படிப்பாங்க. நான் பேசப்போறது நாம ஆடற களத்த, அதான் ரிங்க்க, சுத்தி நிக்கற தடுப்ப பத்தி மட்டும்தான், ஏன்னா வருஷத்துல பாதி அதுலதான் போச்சு, போனதும் சரிதான்னு நினைக்கறேன்.

ஜூலைல நடந்தது உங்கள்ல நிறைய பேருக்கு தெரியும். சின்ன பசங்க ப்ராக்டிஸ், ஒரு பையன் அப்ப தடுப்பா இருந்த சைடு பைப்பை ஒட்டி பந்தை தள்ளிக்கிட்டு வேகமா வரான், பக்கத்துல வந்தவன் தோள் லேசா பட்டுச்சு, அது ஃபவுல் கூட இல்ல, ஆனா அந்த இடத்துலதான் பைப் முடிஞ்சு கேட்டு ஆரம்பிக்குது, கேட்டோட இரும்புத் தூணு ஒரு கை அகலம் உள்பக்கம் நீட்டிட்டு நிக்குது, பையன் நேரா அதுல போய் மோதினான். காரை எலும்பு உடைஞ்சு போச்சு. ரெண்டு மாசம் கழிச்சு நல்லபடியா திரும்பி வந்துட்டான், இன்னைக்கு முன் வரிசைல உக்காந்திருக்கான், அந்த மட்டுக்கும் சந்தோஷம். ஆனா தோளுக்கு பதிலா கழுத்து பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சு அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல. அந்த தூணு வருஷக்கணக்கா அங்கதான் இருக்கு, தினமும் அதுல பைய மாட்டிட்டு போனவங்கள்ல நானும் ஒருத்தன், ஒரு நாளும் அத ஆபத்துன்னு பாக்கல.

அந்த வாரம் நம்ம மெம்பர் ஒருத்தரோட அண்ணன் பிரான்ஸ்ல இருந்து லீவுக்கு வந்திருந்தார். அவங்க குடும்பம் செர்ஜி பக்கம் இருக்கு, 2016ல அங்க திறந்த அரெனைஸ்ங்கற பெரிய ஐஸ் ரிங்க்லதான் அவர் பொண்ணு விளையாடுது. அங்க தடுப்ப பலுஸ்திராத்னு சொல்றாங்க, அதுக்கு மேல நிக்கற கண்ணாடிய பிளெக்சின்னு சொல்றாங்க. அவர் நம்ம ரிங்க்கை ஒரு சுத்து நடந்து பாத்துட்டு, “தம்பி, ஐஸ் ஹாக்கில இந்த மாதிரி ஒரு தூணுக்காகவே விதிய மாத்தினாங்க”ன்னு சொன்னார். அப்புறம்தான் நான் அத தேடி படிச்சேன்.

2011 மார்ச் 8, மாண்ட்ரியல், பெல் சென்டர். பாஸ்டன் அணியோட ஸ்டெனோ சாரா இடிச்சதுல மாண்ட்ரியல் அணியோட மேக்ஸ் பேசியோரெட்டி, பெஞ்சு பக்கம் கண்ணாடி முடியற இடத்துல இருந்த தூணுல தலையோட போய் மோதினார். கழுத்து எலும்புல நாலாவது உடைஞ்சுது, மூளையும் அதிர்ந்து போச்சு. அவர் அடுத்த சீசன் திரும்பி வந்து ஆடினார்ங்கறது பெரிய விஷயம். அதுக்கப்புறம் வட அமெரிக்காவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்ல அந்த மூலைங்கள்ல நேர் தூணு இருந்த இடத்துல வளைஞ்ச கண்ணாடி வெச்சாங்க, மோதினா ஆள் அப்படியே சறுக்கி தள்ளிப் போற மாதிரி. கெட்டியான டெம்பர்ட் கண்ணாடி வெச்சிருந்த அரங்குங்களும் வளைஞ்சு கொடுக்கற அக்ரிலிக்குங்கற தெளிவான பிளாஸ்டிக்குக்கு மாறிடுச்சு. படிச்சப்ப எனக்கு ஒடம்பு சிலிர்த்துடுச்சு, நம்ம ஊர்ல நடந்ததும் அதே வகை அடிதான், இடம்தான் வேற.

போர்டு, அதாவது இந்த தடுப்பு, பந்த நிறுத்தற சுவருன்னுதான் நாம நினைச்சுட்டு இருந்தோம், உண்மையில அது ஆள நிறுத்தற சுவர். 40 கிலோ பையன் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்துல வந்து மோதறான்னு வைங்க, சுவர் அசையாம ஒரு சென்டிமீட்டர்ல நின்னா ஒரு மாதிரி அடி, சுவர் அஞ்சு சென்டிமீட்டர் பின்னாடி போய் கொடுத்தா ஒடம்புல விழற சராசரி விசை அஞ்சுல ஒரு பங்குதான். இத நம்ம பிசிக்ஸ் டீச்சர் அம்மா கரும்பலகைல போட்டு காமிச்சாங்க. அதுனாலதான் இப்ப பெரிய ஐஸ் ரிங்க்குல எல்லாம் அலுமினிய ஃபிரேமோட, அடில பிடிச்சு மேல லேசா ஆடற ஃப்ளெக்சிபிள் போர்டுக்கு போறாங்க. உலக சாம்பியன்ஷிப் போட்டிகள்ல பாத்தப்பவும் அந்த மாதிரி போர்டு இருந்த இடங்கள்ல தலை அடி குறைவாத்தான் இருந்துச்சு.

அளவுங்கள சீக்கிரம் சொல்லிடறேன். என்எச்எல் ரிங்க் 200 அடிக்கு 85 அடி, மூலை 28 அடி ஆரத்துல வளையும், போர்டு உயரம் 42 இன்ச், மேல கண்ணாடி கோல் பக்கம் 8 அடி, சைடுல 5 அடி. சர்வதேச விதில போர்டு 107 சென்டிமீட்டர், கண்ணாடி கோல் பக்கம் 2.4 மீட்டர், சைடுல 1.8. நாம ஆடற ரோலர் ஹாக்கிக்கு 40க்கு 20 மீட்டர் களம், ஒரு மீட்டர் தடுப்பு. ஐஸ் ஹாக்கி விதிய அப்படியே நாம காப்பி அடிக்க முடியாது, ஆனா அதுல ரெண்டு வரி எங்க போனாலும் பொருந்தும்: கதவு எல்லாம் களத்துக்கு வெளிப்பக்கம்தான் திறக்கணும், களத்தப் பாத்த பக்கம் வழவழன்னு இருக்கணும், துருத்திட்டு ஒண்ணும் நிக்கக் கூடாது.

ஆகஸ்ட்ல நாங்க ஆறு பேர் சாக்பீஸ் எடுத்துக்கிட்டு ரிங்க்கை சுத்தி, துருத்தற எல்லா இடத்துலயும் வட்டம் போட்டோம். கேட்டு உள்பக்கம் திறக்குது. போல்ட்டோட வால் உள்பக்கம் நீட்டுது. பேனர் கட்டற கொக்கி எல்லாம் பசங்க முகம் உயரத்துல இருக்கு. மூலை நாலும் சதுரம், பந்து அங்க போனா பசங்க மூணு பேர் ஒருத்தர் மேல ஒருத்தர் விழறாங்க. பழைய பைப்புக்கும் தரைக்கும் நடுவுல கால் மாட்டற இடைவெளி. ஒரு மணி நேரத்துல சாக்பீஸ் தீந்து போச்சு.

மூலைங்கள 3 மீட்டர் ஆரத்துல வளைச்சோம், நம்ம இடத்துக்கு அவ்வளவுதான் முடியும். கேட்ட திருப்பி வெளிப்பக்கம் திறக்க வெச்சோம், தூண பின்னாடி தள்ளினோம். புது தடுப்ப பட்டறைல முதல்ல சாதா பிளைவுட்டுல அடிச்சு கொடுத்தாங்க, விலை குறைவுன்னு நானும் சரின்னேன், அது என் தப்பு. நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் நம்ம புதுச்சேரி பக்கத்துலதான் கரை ஏறுச்சு, ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல மழை, முத்தியால்பேட்டைல நம்ம ரிங்க் முழுக்க கணுக்கால் தண்ணி. தண்ணி வடிஞ்சதும் பாத்தா பிளைவுட்டு அடிப்பக்கம் ஊதி அடுக்கு அடுக்கா பிரிஞ்சு நிக்குது, சிலாம்பு சிலாம்பா. அதுல ஒரு குழந்தை கை வெச்சா அவ்வளவுதான். எல்லாத்தையும் கழட்டிட்டோம்.

அப்புறம் தான் ஐஸ் ரிங்க்குல போடற மாதிரியே எச்டிபிஇங்கற கெட்டி பிளாஸ்டிக் ஷீட்டுக்கு போனோம், வெள்ளை முகம், அடில 20 சென்டிமீட்டர் மஞ்சள் பட்டை. அந்த மஞ்சள் பட்டை அழகுக்கு இல்லைங்க, தரைக்கும் சுவருக்கும் நடுவுல எங்க எல்லைன்னு கண்ணுக்கு தெரியணும், உருளற பந்தும் அதுல பளிச்சுன்னு தெரியும், ஸ்கேட்டு படற அடியையும் அதுதான் வாங்கிக்கும். போல்ட்டு எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 304 ரகமே போதும்னு கடைல சொன்னாங்க, ஆனா கடல் ஒரு கிலோமீட்டர்ல இருக்கற ஊர்ல உப்புக் காத்துக்கு 316தான் நிக்கும், அதுல மாலிப்டினம் கலந்திருக்கு. இதுல காசு மிச்சம் பிடிக்க சொல்லி யாரும் என்கிட்ட கேக்காதீங்க.

மார்ச்ல இன்னொரு பாடம். மதியம் ரெண்டு மணிக்கு வெயில்ல பாத்தா ஷீட்டு நடுவுல வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது, ரெண்டு ஸ்குரூ பிச்சுக்கிட்டு வந்துடுச்சு. எச்டிபிஇ சூட்டுல நல்லா நீளும், 2.4 மீட்டர் ஷீட்டு 30 டிகிரி ஏறினா ஒரு சென்டிமீட்டர் கிட்ட வரும். ஐஸ் ரிங்க்குல குளிர் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்கறதால போர்டுக்கு நடுவுல 3 மில்லிமீட்டருக்குள்ள இடைவெளி வைன்னு விதில சொல்ல முடியுது, நம்ம வெயில்ல அந்த இடைவெளி வெச்சா ஷீட்டு ஒண்ண ஒண்ணு முட்டி எகிறிடும். அதனால ஷீட்ட 1.2 மீட்டரா வெட்டினோம், ஸ்குரூ ஓட்டைய நீள ஓட்டையா போட்டு பெரிய வாஷர் வெச்சோம், சேர்ற இடத்துல சாய்வா சீவி ஒண்ணு மேல ஒண்ணு படியற மாதிரி வெச்சோம். ஷீட்ட மதிய வெயில்லயே மாட்டினோம், அப்பதான் ஷீட்டு முழு நீளத்துல இருக்கும், குளிந்தா சுருங்கும், முட்டாது. இந்த யோசனைய சொன்னது நம்ம கோச் தம்பிதான், அவருக்கு இந்த கூட்டம் கைதட்டணும்.

இப்ப கண்ணாடி. நல்ல மனசோட ஒரு மெம்பர் பழைய ஷோரூம் டெம்பர்ட் கண்ணாடிய சும்மாவே தரேன்னார், அத வேண்டாம்னு சொன்னதுல அவருக்கு வருத்தம், ஏன் சொன்னேன்னு இங்க எல்லாருக்கும் முன்னாடி சொல்லிடறேன் அண்ணா. 12 மில்லிமீட்டர் கண்ணாடி, 1.2க்கு 1.8 மீட்டர் பலகை ஒண்ணு 65 கிலோ வரும், அதே அளவு அக்ரிலிக் 31 கிலோ. கண்ணாடி வளையாது, ஓரத்துல ஒரு தட்டு பட்டா மொத்தமா நொறுங்கி கொட்டும். புயல் எச்சரிக்கை வந்தா பலகைங்கள கழட்டி உள்ள வெக்கணும், 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்ச காத்த பாத்தவங்களுக்கு இது புரியும், 31 கிலோன்னா ரெண்டு பேர் தூக்கிடலாம். அதனால வடக்கு கோல் பின்னாடி அக்ரிலிக் போட்டாச்சு. ஒரே ஒரு வேண்டுகோள், அத ஸ்பிரிட்டு, தின்னர், கண்ணாடி துடைக்கற ஸ்ப்ரே வெச்சு யாரும் துடைக்காதீங்க, மயிர்க்கோடு மாதிரி விரிசல் விட்டுடும். சோப்பு தண்ணி, மெத்து துணி, அவ்வளவுதான்.

தெற்கு கோல் பின்னாடிதான் அம்மாங்க பாட்டிங்க உக்கார்ற இடம், அங்க இன்னும் கண்ணாடி இல்ல. 2002 மார்ச்ல அமெரிக்காவுல கொலம்பஸ் ஊர்ல மேட்ச் பாக்க வந்த 13 வயசு பொண்ணு ஒண்ணு, திசை மாறி கண்ணாடிக்கு மேல பறந்து வந்த பக், அதான் ஐஸ் ஹாக்கில பந்துக்கு பதிலா அடிக்கற ரப்பர் வட்டு, தலைல பட்டு ரெண்டு நாள்ல இறந்து போச்சு, அடுத்த சீசன்ல இருந்து எல்லா என்எச்எல் அரங்குலயும் ரெண்டு கோல் பின்னாடியும் வலை கட்டாயம் ஆச்சு. நம்ம பந்தும் 155 கிராம் கெட்டிப் பந்து. அதனால வைத்திக்குப்பத்துல இருந்து வர்ற நம்ம பொண்ணு ஒருத்தியோட அப்பா கிட்ட கேட்டோம், அவர் நைலான் வலைய நாலு சென்டிமீட்டர் கண்ணுல முடிஞ்சு, கூலி ஒரு ரூபா வாங்காம கட்டிக் கொடுத்தார். பந்து ஏழு சென்டிமீட்டர் குறுக்களவு, அந்த கண்ணுல நுழையாது. அவருக்கு சங்கத்தோட நன்றி இந்த அறிக்கைலயே பதிவாகணும்.

2025 ஜூன்ல நம்ம இந்தியப் பொண்ணுங்க அல் ஐன்ல ஆசிய கோப்பைல ஐஸ் ஹாக்கி வெண்கலம் வாங்கினாங்க, அதுல நிறைய பேர் லடாக்ல உறைஞ்ச குளத்து மேல கத்துக்கிட்டவங்க. வசதி இல்லாத இடத்துல இருந்தும் வர முடியும்னு நம்ம பசங்களுக்கு நான் அத போட்டு காமிச்சேன். அதுக்காக வசதி வேண்டாம்னு அர்த்தம் இல்ல.

இந்த பொதுக்குழு கிட்ட நான் கேக்கறது: இருக்கற காசுல புது ஜெர்சியும் ஸ்கோர் போர்டும் அடுத்த வருஷம் பாத்துக்கலாம், முதல்ல தெற்கு பக்க அக்ரிலிக்கும், வீரர்கள் உக்கார்ற பெஞ்சு முனைல வளைஞ்ச பலகையும், தூணுக்கு எல்லாம் கெட்டி ஃபோம் உறையும் வாங்கணும். தீர்மானமா எழுதி வெச்சிருக்கேன், கை தூக்கி சொல்லுங்க.

மாசத்துக்கு ஒரு தடவ எல்லா போல்ட்டையும் செக் பண்ணணும்னு முடிவாச்சு. முதல் தடவ வர்ற ஞாயிறு காலைல 6 மணிக்கு, வெயில் ஏர்றதுக்கு முன்னாடி. வீட்ல 13 நம்பர் ஸ்பேனர் இருக்கறவங்க மறக்காம எடுத்துட்டு வாங்க, சங்கத்துல ரெண்டுதான் இருக்கு.